அடுத்த தெருவுக்குப் போகாத ஆட்டம்

ஆம்பூரில் ஒரு மாணவர் ஆடு புலி ஆட்டத்தைக் கணினியில் இருவர் ஆடும்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 3 புலி, 15 ஆடு, கோடுகள் கூடும் 23 இடங்கள். பைதானில் சில நூறு வரிகளில் முடிகிற வேலை. தன் லேப்டாப்பிலேயே இரண்டு ஜன்னல் திறந்து ஆடிப் பார்க்கிறார், ஓடுகிறது. தம்பியின் லேப்டாப்பிலிருந்து சேர்ந்தாலும் ஓடுகிறது. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி வாணியம்பாடியில் இருக்கும் மாமன் மகன் சேர முயன்றால் மட்டும் ‘கனெக்ட் ஆகல’. புரோகிராமில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பிறகு எது மாறியது?

இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, ரவுட்டருக்குள் போய்ப் போர்ட்டைத் திறந்துவிடு என்பது. வீட்டுக்கு ஒரு பொது முகவரி கிடைக்கிற நாடுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட விடை அது. வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கமாகப் பரந்து கிடக்கும் தோல் ஊர்களில் அது பெரும்பாலும் பலிக்காது. இங்கே நாம் மாதக் கட்டணம் கட்டி வாங்குவது, கேட்டால் கொடுக்கிற இணைப்பு. வெளியிலிருந்து ஒருவர் நம்மைத் தேடி வர அதில் வழி வைக்கப்படவில்லை. படம் பார்ப்பவருக்கும் பணம் அனுப்புபவருக்கும் இந்தக் குறை ஆயுள் முழுக்கத் தெரியாமலே போகலாம். சொந்தமாக ஒரு விளையாட்டு எழுதுகிறவர்தான் முதல் நாளே அதில் போய் முட்டிக்கொள்கிறார்.

எழுதுகிறவர்களுக்கு இந்தப் பகுதியில் பஞ்சமில்லை. 1984இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வி.ஐ.டி., பாகாயத்தில் தந்தை பெரியார் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி, மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரிகள் என்று கணினி படிக்கும் இடங்கள் வரிசையாக இருக்கின்றன. 2011இல் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபின் தோல் தொழிற்சாலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையிடமும் ஓர் இயந்திரம் வந்தது. விளையாட்டு எழுதும் கருவிகளும் காசில்லாமல் கிடைக்கின்றன. பைகேம் 2000இலிருந்து இருக்கிறது. 2014இல் திறமூலமாக வெளிவந்த கோடோவில், வலை வழியாக ஆடுவதற்கான பகுதிகளே கட்டிக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. கருவி வந்துவிட்டது, முகவரிதான் வரவில்லை.

பிரவுசிங் சென்டர் காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. ஒரே அறையில் பத்துப் பதினைந்து கணினிகள், எல்லாம் ஒரே சுவிட்ச்சில் செருகப்பட்டிருக்கும். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கோ ஏஜ் ஆஃப் எம்பயர்ஸோ, ஒருவர் ஆட்டத்தைத் திறந்தால் மற்றவர் திரையில் அதன் பெயர் தானாகத் தோன்றும். அப்படித் தோன்றுவதற்குக் காரணம் பிராட்காஸ்ட். ‘யாராவது ஆட்டம் வைத்திருக்கிறீர்களா’ என்று ஒரு கணினி அந்த வலையில் உள்ள எல்லோரையும் பார்த்துக் கூவுகிறது. 1993 டிசம்பரில் வந்த டூம் விளையாட்டின் முதல் பதிப்பு ஒவ்வொரு அசைவையும் இப்படிக் கூவியே அனுப்பியதால் பல அலுவலக, பல்கலைக்கழக வலைகள் திணறின. சில இடங்களில் அதற்குத் தடையே போட்டார்கள். பின்னர் வந்த பதிப்பில் அதை மாற்றினார்கள். நம் விஷயத்துக்கு வேண்டியது இதுதான்: கூவல் ரவுட்டரைத் தாண்டாது. தம்பியின் லேப்டாப் அண்ணனின் ஆட்டத்தைத் தானாகக் கண்டுபிடித்ததை நம்பி எழுதப்பட்ட புரோகிராம், வாணியம்பாடியைக் கண்டுபிடிக்கவே முடியாது. அங்கே முகவரி சொல்லித்தான் ஆகவேண்டும்.

முகவரிக்குப் போகும்முன் வீட்டுக்குள்ளேயே நடக்கும் கோளாறுகளை வேகமாகப் பார்த்துவிடலாம், இவை எளியவை. சர்வர் 127.0.0.1 என்ற முகவரியில் காத்திருந்தால் அது தன் குரலைத் தான் மட்டுமே கேட்கும், பக்கத்து லேப்டாப்கூட அதை எட்டாது. 0.0.0.0 என்று மாற்றினால் எல்லா வழியிலும் காது கொடுக்கும். விண்டோஸில் சர்வரை முதன்முதலாக ஓட்டும்போது ஃபயர்வால் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். அவசரத்தில் ‘கேன்சல்’ அழுத்தியவர்கள் பலர். அழுத்தினால் பெட்டி மறைவதோடு முடிவதில்லை, அந்தப் புரோகிராமுக்கு வெளியிலிருந்து எதுவும் வரக்கூடாது என்று ஒரு விதியே எழுதப்பட்டுவிடுகிறது. அடுத்த முறை பெட்டி வராது, ஆட்டமும் சேராது. ஃபயர்வால் அமைப்புக்குள் போய் அந்த விதியை நீக்க வேண்டும். லேப்டாப்பின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். கல்லூரி விடுதிகள், லாட்ஜுகள் போன்ற பொது வைஃபைகளில் இன்னொன்று உண்டு. ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு லேப்டாப்கள் ஒன்றையொன்று பார்க்கக்கூடாது என்று பாதுகாப்புக்காகப் பிரித்து வைத்திருப்பார்கள். அங்கே மணிக்கணக்காகப் புரோகிராமைத் திருத்திப் பயனில்லை. ஒருவர் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இருவரும் அதில் சேர்ந்தால் சந்தேகம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இனி வாசலுக்கு வெளியே.

இணையத்தின் நான்காம் பதிப்பு முகவரி 32 இருமக் கூறுகளால் ஆனது. மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். உலகத்துக்கு இது போதாது என்று 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994இல் நேட் என்ற ஏற்பாடு தாளில் வந்தது. வீட்டுக்குள் எத்தனை கருவி இருந்தாலும் வெளியே ஒரே முகவரி. உள்ளே பயன்படுத்திக்கொள்ள 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் முகவரிகளை ஒதுக்கினார்கள். நம் வீட்டு லேப்டாப்பில் தெரிகிற 192.168 அந்த ஒதுக்கீட்டைச் சேர்ந்தது. அதே எண் வாணியம்பாடி வீட்டிலும் இருக்கும், ஜப்பானிலும் இருக்கும். ‘என் ஐ.பி. 192.168.1.5, சேர்ந்துகொள்’ என்று மாமன் மகனுக்கு அனுப்பினால், அவருடைய லேப்டாப் அவர் வீட்டுக்குள்ளேயே தேடிவிட்டு ஓய்ந்துவிடும்.

நேட் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் கேட்டை நினைத்துக்கொள்ளலாம். உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள், வெளியே தபால்காரருக்குத் தெரிந்தது கம்பெனியின் ஒரே முகவரி. உள்ளிருந்து ஒருவர் வெளியே எதையாவது கேட்டு அனுப்பினால் வாட்ச்மேன் நோட்டில் குறித்துக்கொள்கிறார். பதில் வந்தால் நோட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறார். யாரும் கேட்காமல் ஒரு பார்சல் வந்தால் அது யாருக்கு என்று அவருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். போர்ட்டைத் திறப்பது என்றால், ‘இந்த எண் போட்டு எது வந்தாலும் எனக்குக் கொடுத்துவிடுங்கள்’ என்று வாட்ச்மேனிடம் முன்கூட்டிச் சொல்லி வைப்பது. வாட்ச்மேன் நம் வீட்டு ரவுட்டராக இருக்கும்வரை அது நடக்கும்.

அவர் நம் ஆளாக இல்லாதபோதுதான் சிக்கல். 2011 பிப்ரவரி 3ஆம் நாள் உலகப் பொதுக் கிடங்கில் முகவரிகள் தீர்ந்தன. அதே ஆண்டு ஏப்ரல் 15இல் ஆசிய பசிபிக் பகுதிக்கான கிடங்கும் கடைசிக் கட்டத்துக்கு வந்து, அதன்பின் கேட்பவருக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து கொடுக்கும் நிலையானது. இந்தியாவில் கைப்பேசி இணையம் பெருவெள்ளமாக வந்தது அதற்குப் பிறகு. ஜியோ சேவையைத் தொடங்கியது 2016 செப்டம்பரில். கோடிக்கணக்கான புதுச் சந்தாதாரர்களுக்கு ஆளுக்கொரு முகவரி கொடுக்கக் கிடங்கில் சரக்கில்லை. எனவே நிறுவனங்கள் தங்கள் பக்கத்திலேயே ஒரு பெரிய நேட் வைத்தன. நம் கேட்டுக்கு வெளியே தொழிற்பேட்டைக்கே ஒரு பெரிய கேட், அங்கே ஒரு வாட்ச்மேன். அவரிடம் நாம் எதுவும் சொல்லி வைக்க முடியாது. சி.ஜி.நேட் என்று பெயர். இதற்கென்று 2012இல் தனியாக ஒரு முகவரித் தொகுதியே ஒதுக்கப்பட்டது, 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை, சுமார் 42 லட்சம்.

தோல் ஊர்களில் சந்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு ஃபைபர் இழுத்துக் கொடுப்பவர் பல இடங்களில் பழைய கேபிள் டி.வி.காரர்தான். அவர் பெரிய நிறுவனம் ஒன்றிடம் இணைப்பு வாங்கித் தெருவுக்குப் பிரித்துக் கொடுப்பார். அவர் மாட்டிவிட்ட ‘மோடம்’ ஒன்று, வைஃபை மாடிக்கு எட்டவில்லை என்று வீட்டுக்காரர் வாங்கி மாட்டிய ரவுட்டர் ஒன்று, மேலே நிறுவனத்தின் சி.ஜி.நேட் ஒன்று. ஆக மூன்று கேட். மூன்றில் உள்ளே இருக்கும் ஒன்றில் போர்ட்டைத் திறந்துவிட்டு, இரவு முழுக்க ஏன் வேலை செய்யவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

தெரிந்துகொள்ள ஒரே ஒரு சோதனை போதும். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் ‘வான்’ (WAN) முகவரி என்று ஒன்று இருக்கும். பிறகு உலாவியில் ‘என் ஐ.பி. என்ன’ என்று தேடினால் வெளியுலகம் நம்மைப் பார்க்கும் முகவரி தெரியும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, போர்ட்டைத் திறந்தால் வழி பிறக்கும். வேறாக இருந்தால், அதுவும் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால், அந்த வழியை அத்தோடு விட்டுவிடலாம். கேபிள்காரரிடம் பலர் ‘ஸ்டாட்டிக் ஐ.பி. கிடைக்குமா’ என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும் கூடுதல் கட்டணத்தைக் கேட்டுப் பின்வாங்குகிறார்கள். விளையாட்டுக்கு ஸ்டாட்டிக் தேவையே இல்லை. அவ்வப்போது மாறினாலும் பரவாயில்லை, பொது முகவரியாக இருந்தால் போதும். ‘பப்ளிக் ஐ.பி. உண்டா’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இதே ஊர்களில் வெளிநாட்டு வியாபாரம் செய்யும் கம்பெனி, தனி லீஸ்டு லைன் வாங்கிப் பொது முகவரியோடு இருக்க முடியும், மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்கு அது எளிதில் கிடைக்காது. முகவரியும் பணம் உள்ளவருக்குக் கிடைக்கும் மனை போலாகிவிட்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

மூன்று கேட்டையும் தாண்ட வழி இல்லாமல் இல்லை. அவற்றுள் அறிவுக்கு விருந்தானது ‘துளை போடுதல்’. இரு வீட்டாரும் முதலில் வெளியே பொது முகவரியோடு இருக்கும் ஒரு சிறு சர்வரிடம் பேசுகிறார்கள். ‘உன்னை நான் இந்த முகவரியில், இந்தப் போர்ட்டில் பார்க்கிறேன்’ என்று அது இருவருக்கும் சொல்கிறது, ஒருவர் எண்ணை மற்றவருக்கும் கொடுக்கிறது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் பாக்கெட் அனுப்புகிறார்கள். ஆம்பூரிலிருந்து கிளம்பியதால் ஆம்பூர் வாட்ச்மேன் நோட்டில் வாணியம்பாடியின் பெயர் ஏறிவிடுகிறது. வாணியம்பாடியிலும் அப்படியே. அடுத்து வருகிற பாக்கெட்டை இருவரும் ‘கேட்டதற்குப் பதில்’ என்று நினைத்து உள்ளே விடுகிறார்கள். பிரையன் ஃபோர்டும் வேறு இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த நேட் கருவிகளில் சுமார் 82 விழுக்காடு, அனுப்பிவிட்டுச் சேர்ந்ததா என்று பார்க்காத யு.டி.பி. முறையில் இதற்கு இடம் கொடுத்தன, சேர்ந்ததா என்று பார்த்து அனுப்பும் டி.சி.பி.யில் சுமார் 64. தன் பொது முகவரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பகுதிக்கு ஸ்டன் என்று பெயர், 2003இலிருந்து தரநிலையாக இருக்கிறது. ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அந்த ஆய்வு பார்த்தது அன்றைய தனித்தனிக் கருவிகளை. பெரு நிறுவனங்களின் சி.ஜி.நேட்களில் சில, வெளியே போகும் ஒவ்வொரு முகவரிக்கும் வெவ்வேறு போர்ட் எண் கொடுக்கும். சர்வர் பார்த்த எண் ஒன்று, வாணியம்பாடிக்குப் போகும்போது கிடைக்கும் எண் வேறு. அங்கே துளை விழுவது கடினம். இரண்டு பக்கமும் அப்படி இருந்துவிட்டால் முயற்சியை விட்டுவிட்டு, நடுவில் நின்று கைமாற்றிவிடும் அஞ்சல் (ரிலே) சர்வர் வைக்க வேண்டியதுதான். எல்லாப் பாக்கெட்டும் அதன் வழியாகப் போகும், இதற்கான டர்ன் என்ற தரநிலை 2010இல் வந்தது. வீடியோ அழைப்புச் செயலிகள் முதலில் துளை போட்டுப் பார்க்கின்றன, முடியாவிட்டால் அஞ்சலுக்குத் தாவுகின்றன. நமக்கு அது சத்தமில்லாமல் நடந்துவிடுவதால் தெரிவதில்லை.

ஹமாச்சி, ஸீரோடியர், டெயில்ஸ்கேல் போன்றவை இதையே மறைத்து வைத்து, தூரத்துக் கணினிகளை ஒரே வலையில் இருப்பதுபோல் காட்டுகின்றன. நண்பர்கள் நால்வர் ஆட இது நல்ல வழி. ஆட்டத்தில் பெரும்பாலும் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை, ஆனால் ஆளாளுக்கு ஒரு செயலி நிறுவ வேண்டும். ஊரில் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று நினைத்தால் இது சரிவராது.

சரிவருவது நடுவில் ஒரு சர்வரை வைத்து எல்லோரும் அதை நோக்கிப் போவது. 2015இல் பிரேசிலைச் சேர்ந்த 19 வயது மாதியஸ் வலதாரெஸ் தனியாளாக எழுதிய அகார்.ஐஓ உலகம் முழுக்கப் பரவியதற்கு இந்த அமைப்பு பெரிய உதவி. உலாவியைத் திறந்து பெயர் கொடுத்தால் ஆட்டம், அவ்வளவே. கேட்டுக்கு உள்ளிருந்து வெளியே போகிற அழைப்பைப் பொதுவாக எந்த வாட்ச்மேனும் தடுப்பதில்லை. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் தொடங்கிய எம்.யு.டி. என்ற எழுத்து விளையாட்டின் அமைப்பும் இதே. ஒரு கணினி நடுவில், ஆடுகிறவர்கள் சுற்றிலும். வேண்டிய சர்வரை மாத வாடகைக்கு எடுக்கலாம். ஆடு புலிக்கு மிகச் சிறியதே போதும். 23 இடங்களில் ஒவ்வொன்றும் காலி, ஆடு, புலி என்ற மூன்றில் ஒன்று. இடத்துக்கு இரண்டு பிட் வைத்தால் 46 பிட், அதாவது முழுப் பலகையும் 6 பைட்டில் அடங்கும். அதை யு.டி.பி. பாக்கெட்டில் போட்டு அனுப்பினால் மேலுறைக்கு மட்டும் 28 பைட் ஆகிறது.

இதில் புதிதாக விளையாட்டு எழுதுகிறவருக்கு என் பரிந்துரை தெளிவானது. முதல் ஆட்டத்தில் துளை போடும் வித்தையில் இறங்க வேண்டாம், நடு சர்வர் வைத்துக்கொள்ளுங்கள். துளை போடுதலைக் கற்பதற்காகக் கற்கலாம்.

இன்னொரு கதவும் இருக்கிறது, நம் நாட்டில் எதிர்பாராமல் அகலமாகத் திறந்திருக்கும் கதவு. இணையத்தின் ஆறாம் பதிப்பு முகவரி 128 பிட். அதில் பஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010லேயே அதற்கு ஒரு வழிகாட்டித் திட்டம் வெளியிட்டது. கைப்பேசி வலைகளால் இன்று ஆறாம் பதிப்பைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்வரிசையில் நிற்கிறது. அதாவது, நான்காம் பதிப்பில் முகவரியில்லாத ஆம்பூர் போனுக்கு ஆறாம் பதிப்பில் தனக்கே உரிய பொது முகவரி இருக்கக்கூடும். சர்வரை ஆறாம் பதிப்பிலும் காது கொடுக்கும்படி எழுதிவிட்டு ஒருமுறை முயல்வதில் நஷ்டமில்லை. ஃபயர்வால் அங்கேயும் இருக்கும், கேட்காமல் வருவதைச் சில வலைகள் தடுக்கும். ஆனாலும் எண்ணை மாற்றி எழுதும் வாட்ச்மேன் நடுவில் இல்லாததால் துளை போடுவது மிகச் சுலபம். வீட்டில் விளையாட்டு எழுதுகிறவர்கள் இதை ஏன் இன்னும் முதல் வழியாக முயல்வதில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று. நீளமான முகவரியைப் பார்த்துப் பயமோ என்னவோ.

சேர்ந்துவிட்டது, ஆனால் ஆட்டம் குழம்புகிறது. இது அடுத்த வகைத் தொல்லை, இங்கேதான் பழி புரோகிராமின் மேல் விழுகிறது. மிக அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். டி.சி.பி. அனுப்பியதை வரிசை மாறாமல், ஒன்றும் விடாமல் கொண்டுசேர்க்கும். ஆனால் எங்கே ஒரு செய்தி முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று அதற்குத் தெரியாது. அது தண்ணீர்போல் ஓடும் எழுத்துகளை மட்டுமே அறியும். ஒரே லேப்டாப்பில் சோதிக்கும்போது ஒருமுறை அனுப்பியது ஒருமுறையே வந்து சேர்வதால் எழுதியவர் ஏமாந்துவிடுகிறார். வாணியம்பாடிக்குப் போகும்போது இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு வரும், அல்லது ஒரு செய்தி பாதியில் முறிந்து வரும். புலி நகர்ந்ததும் ஆடு வைத்ததும் ஒரே வரியாகப் படிக்கப்பட்டு ஆட்டம் நின்றுபோகும். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதி அனுப்பி, அத்தனை பைட்டும் சேரும்வரை காத்திருந்து படித்தால் இந்த நோய் தீரும்.

தாமதமும் சில சமயம் நாமே வரவழைத்துக்கொள்வது. 1984இல் ஜான் நேகல், சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் வலையை அடைப்பதைத் தவிர்க்க ஒரு முறை சொன்னார். முன்பு அனுப்பியதற்கு ரசீது வரும்வரை சிறு துணுக்குகளைச் சேர்த்து வைத்து அனுப்புவது. தட்டச்சு செய்வோருக்கு நல்லது, துப்பாக்கி விளையாட்டுக்கு வினை. இதை அணைக்க ஒரு வரி போதும், அந்த வரி தெரியாமல் ‘நெட் ஸ்லோ’ என்று கேபிள்காரரைத் திட்டுகிறோம்.

ஆடு புலிக்கே உரிய ஒரு கோளாறு சுவையானது. ஆடுகிறவர் நன்றாக யோசிக்கிறார். ஐந்து நிமிடம் ஆகிறது. நகர்த்தியதும் ‘டிஸ்கனெக்டட்’. வாட்ச்மேன் நோட்டில் ஒரு பெயரை எவ்வளவு நேரம் வைத்திருப்பார் என்பதற்குக் கணக்கு உண்டு. யு.டி.பி.க்குக் குறைந்தது 2 நிமிடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் பரிந்துரை சொல்கிறது, அரை நிமிடத்திலேயே அழித்துவிடும் கருவிகளும் உண்டு. டி.சி.பி.க்கு 2 மணி 4 நிமிடம் என்று பரிந்துரை, அதையும் எல்லோரும் மதிப்பதில்லை. யாரும் நகராவிட்டாலும் பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று ஒரு சிறு பாக்கெட் போய்க்கொண்டிருந்தால் பெயர் அழியாது. வேகமாக ஆடும் விளையாட்டில் இந்தப் பிழை ஒருபோதும் வெளியே வராது.

வேக விளையாட்டுக்கு வேறு தலைவலி, தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், மில்லிவிநாடிக்கு 200. அந்தக் கணக்கில் வாணியம்பாடி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இரு வீட்டின் இணைப்பும் வெவ்வேறு நிறுவனத்தினுடையதாக இருந்தால் பாக்கெட் பக்கத்து ஊருக்கு நேரே போவதில்லை. இரு நிறுவனங்களும் கைகோக்கும் இடம்வரை போய்த் திரும்ப வேண்டும். அது சென்னையாக இருந்தால் சுமார் 190 கிலோமீட்டர், மும்பையாக இருந்தால் ஆயிரத்துக்கும் மேல். உள்நாட்டுப் போக்குவரத்து வெளிநாடு சுற்றாமல் இருக்க 2003இல் நிக்ஸி என்ற பரிமாற்ற அமைப்பைத் தொடங்கினார்கள், சென்னையிலும் அதற்கு மையம் உண்டு. டிரேஸ்ரூட் ஓட்டிப் பார்த்தால் பாக்கெட் எந்தெந்த ஊர் சுற்றி வருகிறது என்பது ஓரளவு தெரியும்.

அப்படியும் சென்னைவரை போய்வர இழையில் ஆகும் நேரம் இரண்டு மில்லிவிநாடிதான். கையில் கிடைக்கும் பிங், அதாவது ஒரு பாக்கெட் போய்வரும் நேரம், 30, 40 என்று இருந்தால் மிச்சம் முழுக்க வழியிலுள்ள வரிசைகளிலும் நம் வீட்டு வைஃபையிலும் போகிறது. அதிலும் சராசரி பிங்கை விட அதன் ஏற்ற இறக்கமே பெரிய எதிரி. எப்போதும் 60 என்று வந்தால் கை பழகிவிடும், ஒரு முறை 30, அடுத்த முறை 200 என்றால் பழகாது. இரவு ஒன்பது மணிக்குத் தெருவே படம் பார்க்கும்போது இந்த ஏற்ற இறக்கம் கூடும். லேப்டாப்பை ஒயரில் செருகிப் பார்த்தால் குற்றம் வைஃபையிலா தெருவிலா என்று பிரித்துவிடலாம்.

தாமதத்தை ஒழிக்க முடியாது, மறைக்கத்தான் முடியும். மறைப்பதில் இரண்டு பள்ளிகள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் எழுதியவர்கள், 28.8 கிலோபிட் மோடத்தில் 1,500 வில்லாளிகளை ஓடவைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவர் இருப்பிடத்தையும் அனுப்பக் கம்பி தாங்காது. எனவே கட்டளையை மட்டும் அனுப்பி, எல்லாக் கணினிகளும் இரண்டு திருப்பம் கழித்து ஒரே சமயத்தில் அதை நிறைவேற்றும்படி செய்தார்கள். மிகச் சிக்கனம், ஆனால் ஒரு கணினியில் ஒரு சமவாய்ப்பு எண் மாறினாலும் இரண்டு உலகமும் பிரிந்துபோய்விடும். மறுபக்கம் 1996 டிசம்பரில் வந்த குவேக்வேர்ல்ட். ஜான் கார்மாக் அதில், சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் ஆடுகிறவரின் கணினியே அடுத்த அசைவை ஊகித்துக் காட்டும்படி செய்தார். ஊகம் தப்பினால் பிறகு திருத்திக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று இரண்டடி பின்னால் போய் நிற்பது இந்தத் திருத்தத்தால். கபடியோ பந்தயமோ எழுதுகிறவர் இரண்டாவது பள்ளியில் சேர வேண்டும், யு.டி.பி.யும் கூடவே வரும். பழைய இருப்பிடம் தொலைந்தால் தொலையட்டும், புதியது வந்துவிடும். ஆடு புலிக்கு இந்த வித்தை எதுவும் வேண்டாம், டி.சி.பி.யே தாராளம்.

கருவிகள் எல்லாம் பழையவை, இலவசமானவை. மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய பிங் இன்றும் முதல் கேள்விக்கு விடை சொல்கிறது, ஆனால் பிங் போவதால் ஆட்டமும் போகும் என்று பொருளில்லை. ஃபயர்வால் பிங்கை விட்டுவிட்டு நம் போர்ட்டை அடைக்கலாம், தலைகீழாகவும் செய்யலாம். போகிற வருகிற பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கை இரு பக்கமும் ஓட்டினால், பாக்கெட் கிளம்பியதா, வந்து சேர்ந்ததா என்ற இரண்டு கேள்வி தீரும். கிளம்பவே இல்லையென்றால் புரோகிராமைப் பாருங்கள். கிளம்பி வந்து சேராவிட்டால் கேட்டுகளைப் பாருங்கள். வந்துசேர்ந்தும் ஆட்டம் அசையாவிட்டால் மறுபடி புரோகிராம். லினக்ஸில் நெட்எம், விண்டோஸில் கிளம்சி என்ற கருவிகள் வேண்டுமென்றே தாமதத்தையும் இழப்பையும் உண்டாக்கும். 200 மில்லிவிநாடித் தாமதமும் நூற்றுக்கு ஐந்து இழப்பும் வைத்து வீட்டிலேயே ஆடிப் பார்க்காத விளையாட்டை உறவினருக்கு அனுப்பாமல் இருப்பது நல்லது.

அந்த உறவினர் துபாயில் இருந்தால் சங்கதி இன்னும் நீளும். இந்த ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் ஏராளம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்பு தடுக்கப்பட்டிருக்கிறது என்பது இங்குள்ள அம்மாக்களுக்கும் தெரியும். ஆட்டத்தோடு குரல் அரட்டையும் சேர்த்து எழுதினால் அங்கே அது போகாமல் இருக்க வாய்ப்புண்டு. குரலைத் தனியாகவும் ஆட்டத்தைத் தனியாகவும் வைத்தால் ஒன்று போகாவிட்டாலும் மற்றது போகும். வி.பி.என். போட்டுத் தாண்டச் சொல்லிக் கொடுப்பது அங்கிருப்பவரைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடலாம். நடு சர்வரும், உலாவி வழியாகச் சர்வரோடு தொடர்ந்து பேசும் வெப்சாக்கெட் முறையும் இந்த இடத்திலும் கைகொடுக்கும். பார்ப்பதற்குச் சாதாரண இணையப் பக்கம் திறப்பதுபோல்தான் இருக்கும்.

இறுதியாக மின்வெட்டு. ஆம்பூரில் கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், மோடம் அணைந்துவிடும். மோடம் திரும்ப வரும்போது முகவரி மாறியிருக்கலாம், பழைய இணைப்பு செத்திருக்கும். இதைப் பிழை என்று நினைத்து ஆட்டத்தை முடித்துவிடும் புரோகிராம்களே அதிகம். சர்வரில் அந்த 6 பைட் பலகையையும் எத்தனையாவது நகர்வு என்ற எண்ணையும் ஆடுகிறவருக்கு ஒரு ரகசியச் சொல்லையும் வைத்துக்கொண்டால் போதும். திரும்பி வருகிறவர் சொல்லைக் காட்டுவார், சர்வர் முழுப் பலகையையும் அனுப்பும், கடைசி நகர்வு எண் பொருந்தாவிட்டால் சர்வர் வைத்திருப்பதே செல்லும். அரை மணி கழித்து வந்தாலும் மறுநாள் வந்தாலும் புலி நின்ற இடத்திலேயே நிற்கும். இதற்கு மொத்தம் ஐம்பது வரி ஆகலாம், முதல் நாளே எழுதிவிட வேண்டிய ஐம்பது வரி.